சுடலைமாடனை ஏன் இழுக்கிறீர்கள்?

"கோயிலை விட்டான், கும்பிடுறதை விடலை."

இந்த ஒரு வரியைப் பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரத்தில் தெருமுனையில் யாராவது மைக்செட் கட்டிவிட்டால் போதும், பேச்சாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு பத்து நிமிஷத்துக்குள் இந்த வரிக்கு வந்து சேர்ந்துவிடுவார். பொட்டல்புதூர் தர்காவுக்குப் போகிற முஸ்லிமைத்தான் சொல்கிறார். பாட்டன் பூட்டன் காலத்தில் கலிமா சொல்லி மதம் மாறினானாம். ஆனால் விளக்கு, சந்தனம், நேர்ச்சை, பேயோட்டு என்று பழைய மூட்டையை அவிழ்க்காமலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டானாம்.

மேடைக்காரர் இதைக் கோபமாகச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் வருகிறவர் அதையே குஷியாகச் சொல்கிறார்: "பாத்தீங்களா, உள்ளுக்குள்ள இன்னும் நம்மாளுதான்." ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் எழுதுகிறவர் கண்கலங்கச் சொல்கிறார்: "மதம் கடந்த மண்ணின் மணம்." முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறவர் அடிக்குறிப்போடு சொல்கிறார்: "முந்தைய சமயத்தின் எச்சங்கள்." இந்த நாலு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில்கூட ஒத்துப்போக மாட்டார்கள். பொட்டல்புதூருக்கு ஆடு கொண்டு போகிற ஒரு முஸ்லிம் பாதி இந்து என்பதில் மட்டும் நாலு பேருக்கும் ஒரே கருத்து.

போன சீசனில் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் இதையே தலைப்பாக வைத்து ஒரு சொற்பொழிவு நடந்தது. வெளியே சாரல், உள்ளே அனல். பேசியவர் இளைஞர், நல்ல குரல் வளம். பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்கு இன்னும் நாலு மேடை கிடைத்துவிடும். ஆனால் வாதங்களை அவர் வரிசையாக அடுக்கினார். அதற்கு நன்றி, வரிசையாகப் பதில் சொல்ல எனக்கு வசதி.

முதல் வாதம்: "பொட்டல்புதூர் தர்காவைப் பாருங்கள், கோயில் மாதிரியே கட்டியிருக்கிறார்கள்."

பார்த்திருக்கிறோம். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில், கடையத்தை அடுத்து இருக்கிறது. முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் என்று ஊரே சொல்லும். 1674-இல் கட்டியது என்பது வழக்கு. கல்தூண், கல்மண்டபம், எல்லாம் இந்தச் சீமைக் கட்டட முறைதான். வேறு எந்த முறையில் கட்டியிருக்க வேண்டும் என்கிறார்? அந்தக் காலத்தில் தாமிரபரணிக் கரையில் கல்லைத் தொடத் தெரிந்தவர்கள் கல்தச்சர்கள். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் கட்டினார்கள். பாக்தாதிலிருந்து கொத்தனாரை வரவழைத்து, அவருக்குக் கஞ்சி ஊற்றி, குவிமாடம் கட்டி முடிக்கும்வரை தொழுகையை ஒத்திப்போட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

கீழக்கரை பழைய ஜும்ஆப் பள்ளியிலும் கல்தூண்தான், காயல்பட்டினத்துப் பழைய பள்ளிகளிலும் கல்தூண்தான். அவை தர்கா அல்ல, ஐந்து வேளை தொழுகை நடக்கிற பள்ளிகள். சீனாவின் சியான் நகரப் பெரிய பள்ளிவாசலுக்குச் சீன ஓட்டுக் கூரை. மாலியில் ஜென்னே பள்ளிவாசல் முழுக்க மண். சரி, குவிமாடம்தான் அசல் இஸ்லாம் என்று வைத்துக்கொள்வோம். இஸ்தான்புல்லின் பெரிய பள்ளிவாசல்களுக்கெல்லாம் குவிமாடத்துக்கு முன்மாதிரி 537-இல் கட்டி முடித்த ஹேகியா சோபியா தேவாலயம். அப்படியென்றால் துருக்கிக்காரன் "சர்ச்சை விட்டான், ஜெபிக்கிறதை விடலை" என்று சொல்லலாமா? சொல்லமாட்டார்கள். துருக்கிக்காரன் கோபித்துக்கொள்வான்.

உள்ளூரிலேயே இன்னொன்று உண்டு. பேச்சு நடந்த மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் குற்றாலநாதர் கோயில். அங்கே முதலில் இருந்தவர் திருமால் என்றும், அகத்தியர் தலையில் கை வைத்து அழுத்தி லிங்கமாகக் குறுக்கினார் என்றும் தலபுராணமே சொல்கிறது. அதைக் காட்டி "வைணவத்தை விட்டான், பெருமாளை விடலை" என்று ஒருத்தரும் மைக் பிடித்ததில்லை. சைவர்கள் முழுச் சைவர்கள். முஸ்லிம் மட்டும் முக்கால் முஸ்லிம்.

இரண்டாம் வாதம்: "மொட்டை, ஆடு, சந்தனம், கொடி, சர்க்கரை பாத்திஹா. எல்லாம் இந்துச் சடங்கு."

மொட்டை இந்துச் சடங்கு என்றால், ஹஜ்ஜுக்குப் போய் மினாவில் தலை மழித்துத் திரும்பும் ஹாஜிமார் எல்லாரும் பழநிக்குப் போய்விட்டா வருகிறார்கள்? பிள்ளை பிறந்த ஏழாம் நாள் தலைமுடி இறக்கி ஆடு அறுக்கும் அகீகா எந்தக் குலதெய்வக் கோயிலில் ஆரம்பித்தது? சந்தனம் இந்த மண்ணில் விளைகிற வாசனை, அதற்குச் சாதிச் சான்றிதழ் கிடையாது. கொடி ஏற்றுவது தவறு என்று கொடி கட்டிய மேடையில் நின்றுகொண்டு சொல்லக்கூடாது. சர்க்கரையைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, இனிக்கும்.

மூன்றாம் வாதம்: "ஜின், பேய், தாயத்து, ஓதி ஊதுவது. இதெல்லாம் சுடலைமாடன் கோயில் சமாச்சாரம்."

கூட்டம் கைதட்டிய இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளி ராவு என்பார்கள். பொட்டல்புதூரில் பூக்காரிகள், ஊதுபத்திப் பொட்டலம், கால் கட்டிய ஆடு என்று வாசல் நெருக்கமாக இருந்தது. சுரண்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, நெற்றியில் திருநீறு அழியாமல், பதினாலு பதினைந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஓதிப் பார்க்கும் லெப்பை பாயில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா செய்யுது புள்ளைக்கு?"

"ராத்திரியானா எந்திச்சு உக்காந்துக்கிடுதா சாயபு. யாரோ கூப்பிடுதாவன்னு சொல்லுதா."

"டாக்டர்ட்ட காட்டுனியளா?"

"காட்டியாச்சு. மாத்திர குடுத்திருக்காவ."

அவர் பிள்ளையின் தலைக்கு நேரே கையை வைத்துக்கொண்டு ஓதினார். ஆயத்துல் குர்ஸி, அப்புறம் குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்கள். பாட்டில் தண்ணீரில் ஊதினார். கறுப்பு நூல் ஒன்றை முடி போட்டு மணிக்கட்டில் கட்டினார். "மூணு வியாழக்கெழம வாங்க. மாத்திரய நிறுத்திராதிய" என்றார். அந்த அம்மா மடியிலிருந்து பத்து ரூபாயும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் எடுத்து வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

இதில் சுடலைமாடன் எங்கே வந்தார்? மாடன் கொடை எப்படி நடக்கும் என்று இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வில்லுப்பாட்டு உண்டு, கணியான் கூத்தின் மகுடம் உண்டு. கொட்டு ஏற ஏறச் சாமி இறங்கும். கோமரத்தாடி ஆடுவார். தெய்வம் அவர் மேல் வந்து அவர் வாயாலேயே குறி சொல்லும். அங்கே உடம்புக்குள் வருவதுதான் வரம். தர்காவில் உடம்புக்குள் வந்ததை வெளியே அனுப்புவதுதான் வேலை. லெப்பை ஆடவில்லை. அவர் மேல் யாரும் இறங்கவில்லை. முகைதீன் ஆண்டவர் அவர் வாயால் பேசவில்லை. அவர் ஓதியது சுடலைமாடன் கதைப்பாட்டு அல்ல, குர்ஆன். ஒன்று வரவேற்பு, மற்றது வெளியேற்றம். இரண்டிலும் பெண் தலையை விரித்துப் போட்டுச் சுழற்றுகிறாள் என்பதால் இரண்டும் ஒன்று என்றால், மழையும் அருவியும் ஒன்று, இரண்டிலும் நனைகிறோமே.

ஜின் என்ற நம்பிக்கையே மண்ணிலிருந்து ஒட்டியதாம். குர்ஆனின் 72-ஆம் அத்தியாயத்தின் பெயரே ஜின். பேச்சாளருக்கும் இது தெரியும். ஜின் உண்டு, ஆனால் மனிதனைப் பிடிக்காது என்று அவர் பக்கத்து ஆலிம்களில் சிலர் சொல்வார்கள், பிடிக்கும் என்று அரபு நாட்டு ஆலிம்கள் பலர் சொல்வார்கள். ஓதி ஊதுவதும் ஹதீஸ்களில் உண்டு. ஆகவே இது இஸ்லாத்துக்குள் இஸ்லாமியர் நடத்துகிற பழைய வழக்கு. இரண்டு கட்சிக்காரர்களும் உள்ளே நிற்கும்போது, வாசலில் சும்மா சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த மாடனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

பேச்சாளர் ஏர்வாடி தர்காவையும் சொன்னார். 2001-இல் அங்கே 28 மனநோயாளிகள் சங்கிலியோடு எரிந்து செத்தார்கள். அவர்களைக் கொன்றது தனியார் காப்பகத்தின் சங்கிலியும் ஓலைக் கொட்டகையும் கவனிக்காத அரசாங்கமும். அடுத்த வாதத்துக்குப் போகலாம்.

நான்காம் வாதம்: "தர்காவுக்குப் போவது பாமரர், அதிலும் பெண்கள். படித்த ஆலிம் யாரும் ஏற்றதில்லை."

பெண்கள் என்றால் பாமரர் என்பது எந்தக் கிதாபில் இருக்கிறது என்று தெரியவில்லை. போகட்டும். ஆலிம்களுக்கு வருவோம். காயல்பட்டினத்து சதக்கத்துல்லா அப்பா 17-ஆம் நூற்றாண்டு. அரபியில் கவி பாடிய பேரறிஞர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட அவர் துணை இருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அவர் காதிரிய்யா தரீக்காக்காரர், அதாவது பாக்தாத் முகைதீன் அப்துல் காதிர் ஜீலானியின் வழி. 19-ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபியிலும் அரபுத்தமிழிலும் எழுதிக் குவித்தவர். அவர் நிறுவியது அரூஸிய்யதுல் காதிரிய்யா, அதே காதிரிய்யாவின் கிளை. பொட்டல்புதூரில் யார் பெயரில் விளக்கு எரிகிறது? அதே ஜீலானி பெயரில். அவர் 1166-இல் பாக்தாதில் காலமானார், அங்கேதான் அடங்கியிருக்கிறார். இங்கே அவர் உடம்பு இல்லை, பெயர் மட்டும்தான். அந்தப் பெயரை இந்த ஊருக்குக் கொண்டு வந்தவர்கள் வயல்வரப்பில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த பாமரர்களா, கடலோரத்தில் அரபிக் கிதாபு ஓதிய ஆலிம்களா? குலதெய்வத்தின் மிச்சம் என்றால் கோட்டைச்சாமி, கொம்புமாடசாமி என்று இந்த ஊர்ப் பெயர் ஏதாவது இருந்திருக்கும். ரபியுல் ஆகிர் மாதம் வந்தால் பாக்தாதிலும் பொட்டல்புதூரிலும் ஒரே பெரியவருக்குக் கந்தூரி நடப்பதை எந்த எச்சக் கணக்கில் எழுதுவது?

தென்காசிக்காரர்களாவது பீர்முகம்மது அப்பாவை மறந்திருக்கக் கூடாது. இந்த ஊரில் பிறந்தவர், தறி நெய்தவர், தக்கலையில் அடங்கியவர். ரஜப் மாதத்தில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் தக்கலையில் இரவு முழுக்கப் பாடுகிறார்கள். அவர் பாட்டில் சித்தர் வழக்கு வருகிறது, யோகச் சொல் வருகிறது, அதனால் அவரும் பாதி இந்து என்று அந்த மண்டபத்தில் ஒரு தீர்ப்பு. அப்பா பாடியது அல்லாஹ்வின் ஒருமையை, நபியின் ஒளியை. தமிழில் ஞானம் பேச வேண்டுமென்றால் தமிழில் இருக்கிற சொல்லைத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: அவர் பெயரில் வழங்குகிற ஞானரத்தினக் குறவஞ்சி 17-ஆம் நூற்றாண்டுக்காரருடையது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி 18-ஆம் நூற்றாண்டு. மூத்தது தென்காசி முஸ்லிமின் குறவஞ்சி. இனி யாராவது கவிராயரை இஸ்லாத்தின் எச்சம் என்று ஆய்வேடு எழுதினால் நான் ஆச்சரியப்படமாட்டேன், அதே தர்க்கம்தானே.

ஐந்தாம் வாதம்: "இறந்தவரிடம் உதவி கேட்பது இணைவைப்பு."

இது மார்க்க விவாதம். மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யாவை வைத்து வாதாடுங்கள், அவருக்கு மறுப்பு எழுதியவர்களை வைத்து மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அந்த இப்னு தைமிய்யா யாரைத் திட்டினார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் 1328-இல் டமாஸ்கஸ் சிறையில் இறந்தவர். கப்ருகளுக்கு, அதாவது அடக்கத்தலங்களுக்குப் பயணம் போகிறார்கள், வேண்டுதல் வைக்கிறார்கள் என்று அவர் கொதித்தது சிரியாக்காரர்களைப் பார்த்து.

ஆறாம் வாதம்தான் அவருடைய அஸ்திவாரம்: "இந்துக்களோடு பழகியதால் வந்த வினை. இந்து இல்லாத நாட்டு முஸ்லிம் இப்படியெல்லாம் செய்யமாட்டான்."

இந்து இல்லாத நாடுகளுக்கே போவோம், செலவு என்னுடையது.

எகிப்தில் தந்தா என்று ஒரு ஊர். அங்கே அஹ்மத் அல் பதவி என்ற பெரியவரின் மவ்லிது விழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனம் சேரும், மிட்டாய்க்கடை போடுவார்கள், கூடாரம் அடித்துச் சோறு போடுவார்கள். செனகலில் தூபா என்ற ஊரே அமது பம்பா என்ற ஞானியின் பெயரால் நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை நாடு முழுக்க அங்கே போகிறது. மொராக்கோவில் மலைக்கு மலை ஒரு சீதி, ஊருக்கு ஊர் ஒரு கப்ரு, நேர்ச்சை, ஆடு. கடைசியாக மதீனாவுக்கே வாருங்கள். ஜன்னத்துல் பகீ அடக்கத்தலத்தில் நபியின் குடும்பத்தார் கப்ருகள் மேல் குவிமாடங்கள் இருந்தன. 1920-களின் நடுவில் சவூதி ஆட்சி வந்த பிறகு அவற்றை இடித்தார்கள். இடிப்பதற்கு முன்னால் யாரோ கட்டியிருக்க வேண்டுமே? மதீனாவுக்குப் போய்க் கட்டிக் கொடுத்த அந்த இந்துக் கொத்தனார் எந்த ஊர்க்காரர்?

இத்தனையும் போதாதென்றால் கிர்கிஸ்தான். எனக்குப் பிடித்த உதாரணம், ஏனென்றால் நம்ம ஊர்ப் பேச்சை அங்கே ரஷ்ய மொழியில் அப்படியே பேசியிருக்கிறார்கள்.

கிர்கிஸ்தானின் தெற்கே ஓஷ் என்ற நகரம். நடுவில் ஒரு பாறைக்குன்று. சுலைமான் மலை என்று பெயர், நபி சுலைமான் பெயர்தான். 2009-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உச்சியில் ஒரு சிறு கல்வீடு உண்டு, நம் பாடப்புத்தகத்துப் பாபர் டெல்லிக்கு வருமுன் அங்கே கட்டியது என்பார்கள். குன்றின் சரிவில் ஒரு பாறை, தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சறுக்கிச் சறுக்கிக் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருக்கிறது. சறுக்கினால் பிள்ளை தங்கும், இடுப்புவலி போகும் என்று நம்பிக்கை. மசார் என்று அவர்கள் சொல்லும் புனித இடங்களில் மரக்கிளைகளில் துணிக்கிழிசல் கட்டியிருப்பார்கள், நம் ஊரில் தொட்டில் கட்டுகிற மாதிரி. வியாழன், வெள்ளிகளில் வீட்டில் மாவைத் தட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். அந்த வாசனை இறந்துபோன மூத்தோரின் ஆவிகளுக்குப் போய்ச் சேரும் என்பார்கள். பொரித்ததும் குர்ஆன் ஓதி, இறந்தவர்களுக்கு துஆ கேட்டு, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்குள் கெட்டது அண்டாமல் இருக்க ஆர்ச்சா மரத்துப் புகை போடுவார்கள். நம் வீட்டில் அதே வியாழன் மாலை சாம்பிராணி போட்டுப் பாத்திஹா ஓதுகிறார்களே, அதற்கும் இதற்கும் நடுவே இமயமலை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்‌ஷி என்று அங்கே மந்திரிப்பவர்கள் உண்டு. அவர்களைத்தான் ஷாமன் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தப் பக்‌ஷி நோயாளி முன்னால் உட்கார்ந்து தொடங்குவது பிஸ்மில்லாஹ்வில், துணைக்கு அழைப்பது நபிமார்களையும் வலிமார்களையும். ஆவி ஏறுமா, ஏறும். அது இல்லை என்று சொல்லவில்லை. அவரைக் கேட்டால் தான் முஸ்லிம் என்பார், ஷாமன் என்ற சொல்லே அவருடையது அல்ல.

இப்போது பேச்சாளர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசின் ராணுவ அதிகாரியாக இருந்த சோகன் வாலிகானோவ் இந்தப் பக்கமெல்லாம் சுற்றினார். கிர்கிஸ்களின் மனாஸ் காவியத்தின் ஒரு பகுதியை முதலில் எழுதிக்கொண்டவர் அவர், அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு. ஆனால் புல்வெளி மக்களிடம் இஸ்லாம் வெறும் மேல்பூச்சு, அடியில் இருப்பது ஷாமன் மதம் என்ற தோரணையில் எழுதிவைத்தார். சோவியத் காலத்தில் அது அரசாங்கக் கொள்கை ஆகிவிட்டது. எச்சங்களைப் பட்டியல் போடுவதற்கென்றே இனவரைவியல் துறைகள் வேலை செய்தன. 1972-இல் அன்றைய தலைநகர் புரூன்சேயில் வெளிவந்த ஒரு நூலின் தலைப்பே 'கிர்கிஸ்களிடம் இஸ்லாத்துக்கு முந்தைய நம்பிக்கைகளும் அவற்றின் எச்சங்களும்'. சுலைமான் மலையின் குகைக்குள் மியூசியம் கட்டினார்கள். எச்சம் என்று முத்திரை குத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் மக்கள் மறந்துவிடுவார்கள் என்று கணக்கு. ஜனங்கள் அதே குன்றில் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

1991-இல் சோவியத் போனது. எச்சக் கதை போகவில்லை, இரண்டு புதிய வாரிசுகள் கிடைத்தார்கள். ஒரு பக்கம் தெங்ரிக்காரர்கள்: "நம் முன்னோர் வானத்தைக் கும்பிட்டார்கள், இஸ்லாம் அரபுக்காரன் சரக்கு, மசார்தான் நம் அசல் மதம்." மறுபக்கம் தாவா, அதாவது மார்க்கப் பிரசாரப் பயணம் போகிறவர்கள்: "மசார் ஷாமன் சரக்கு, உதறுங்கள், இஸ்லாம்தான் அசல்." இவர்களில் தப்லீக் ஜமாஅத்காரர்களும் உண்டு, அந்த இயக்கத்தின் தலைமையிடம் நம் டெல்லியில். டெல்லியில் எங்கே? நிஜாமுத்தீனில், நிஜாமுத்தீன் அவுலியா தர்காவுக்குப் பக்கத்திலேயே. தர்காவின் ஊதுபத்தி வாசனையை நுகர்ந்துகொண்டே பெட்டி கட்டி, கிர்கிஸ்தானுக்குப் போய் மசார் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு சரித்திரம் எல்லாருக்கும் கொடுப்பதில்லை.

தெங்ரிக்காரரும் தாவாக்காரரும் அடித்துக்கொள்ளும் இடத்தில், மரத்தில் துணி கட்டிவிட்டுக் கை ஏந்தி ஆமீன் சொல்லித் திரும்பும் கிழவியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், நான் முஸ்லிம் என்று. டெவின் டிவீஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1994-இல் ஒரு தடித்த புத்தகமே எழுதி இந்த மேல்பூச்சுக் கதையை உரித்துப் போட்டார். புல்வெளி மக்கள் சொல்லும் கதைகளில் இஸ்லாம் வெளியிலிருந்து ஒட்டியது அல்ல, தாங்கள் ஒரு கூட்டமாக ஆன கதையையே இஸ்லாத்துக்கு வந்த கதையாகத்தான் சொல்கிறார்கள் என்று காட்டினார். குற்றாலம் மண்டபத்துக்கு அந்தப் புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். கிர்கிஸ்தானில் மசார் என்றால் ஷாமன் மேல் பழி. மொராக்கோவில் கப்ரு என்றால் பெர்பர்களின் பழைய தெய்வங்கள் மேல் பழி. எகிப்தில் மவ்லிது என்றால் பார்வோன் மேல் பழி. ஜாவாவில் இந்து பௌத்தர்கள் மேல். பொட்டல்புதூரில் சுடலைமாடன் மேல். செய்த காரியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: பெரியவர் ஒருவரின் இடத்துக்குப் போவது, விளக்கேற்றுவது, நேர்ந்துகொள்வது, ஓதுவது, நாலு பேருக்குச் சோறு போடுவது. இருபது ஊரில் ஒரே மாதிரி பூட்டு உடைந்து, இருபது ஊர் ஸ்டேஷனிலும் அந்தந்த ஊர் ஆளையே பிடித்து உள்ளே வைத்திருந்தால், கொஞ்சம் மூளையுள்ள இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? இருபது பேரையும் வெளியே விட்டுவிட்டு, இருபது ஊருக்கும் போய்வந்த ஒரே ஆள் யார் என்று தேடுவார். இருபது ஊருக்கும் போனது இஸ்லாம் ஒன்றுதான். இறைநேசர் மேல் கொண்ட அன்பை அதுவே தன் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தது. காதிரிய்யா, நக்‌ஷபந்திய்யா, ஷாதுலிய்யா என்று கொண்டுவந்தவர்களின் பெயர்கள்கூட எழுதியிருக்கின்றன.

ஏழாம் வாதம்: "மதம் மாறியவர்கள் விவரம் தெரியாமல் மாறியவர்கள்."

இதைத் தென்காசி மாவட்டத்தில் நின்று சொல்ல நிஜமாகவே துணிச்சல் வேண்டும். 1981 பிப்ரவரியில் இதே வட்டாரத்து மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு மாறின. டெல்லிவரை ஆடிப்போனது. தலைவர்கள் வரிசையாக வந்து பார்த்துப் போனார்கள். ஆசை காட்டி மாற்றினார்கள், விவரம் தெரியாமல் மாறினார்கள் என்று அன்றைக்கும் சொன்னார்கள். டீக்கடையில் தனி டம்ளர் எதற்கு என்று தெரிந்தவனுக்கு, தான் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரியாதா? மாறுகிறவனுக்கு மூளை கிடையாது என்று நினைப்பவர்களுக்குத்தான் எச்சக் கதை தேவைப்படும்.

இணைப்பிதழ் எழுத்தாளரைச் சும்மா விட்டுவிடக் கூடாது. "இந்துக்களும் வருகிறார்கள், ஆகவே இது நல்லிணக்கத் தலம்" என்று ஆண்டுதோறும் கந்தூரிக்குக் கட்டுரை எழுதுகிறார். சுரண்டையிலிருந்து வந்த அந்த அம்மா நல்லிணக்கத்துக்காக ரெண்டு பஸ் மாறி வரவில்லை, பிள்ளை ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறாள் என்று வந்தார். பாரதி கடையத்தில் இருந்த கடைசி வருஷமான 1920-இல் பொட்டல்புதூருக்கு வந்து பேசினார். இஸ்லாத்தின் மேன்மையைப் பற்றிப் பேசினார். தன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை அவர் முழு முஸ்லிம்களாகத்தான் பார்த்தார். அவர்கள் தர்கா ஊர்க்காரர்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அப்படியானால் பொட்டல்புதூரில் நடப்பதுதான் என்ன என்று கேட்பார்கள். முஸ்லிம்கள் செய்கிறார்கள், முஸ்லிம்களாக இருந்துகொண்டே செய்கிறார்கள், தங்கள் நாட்டுத் தமிழில் செய்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் தவறு என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அது தவறு என்பதற்கு ஆதாரம் கிதாபில் தேட வேண்டுமே தவிர, அவன் பாட்டனின் பழைய கோயிலில் அல்ல.

மேடைக்காரருக்கும் வாட்ஸ்அப்காரருக்கும் சேர்த்து ஒரே கேள்வி. பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு மூன்றரை நூற்றாண்டு ஆகிறது என்கிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கலிமா சொல்லிப் பிறந்து, கலிமா சொல்லி அடங்கியிருக்கின்றன. தர்காவே கூடாது என்ற இயக்கப் பிரசாரம் இந்தப் பக்கத்தில் சூடுபிடித்தது எண்பதுகளில். நாற்பது வருஷத்துப் பேச்சு அசலாகவும் முந்நூற்றைம்பது வருஷத்து வழக்கம் ஒட்டுதலாகவும் ஆகும் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? மதம் மாறியவன் முழுதாக மாறிவிட்டான் என்று நீங்கள் கையெழுத்துப் போட எத்தனை வருஷம் வேண்டும், ஐநூறா, ஆயிரமா? எழுதிக் கொடுங்கள், அதுவரை மாடனைத் தொந்தரவு செய்யாமல் காத்திருக்கிறோம்.